பழைய ஜெனோவாவும் எட்டு மீட்டர் மொட்டைமாடியும்

"22 அடி படகுக்குப் பொருந்தும். 150 சதவீத ஜெனோவா. கண்டிஷன் சூப்பர்." பழைய படகுப் பாய் விற்பவர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி பெரும்பாலும் இவ்வளவுதான். கூடவே பைக்குள் சுருட்டி வைத்த பாயின் ஒரு போட்டோ. வாங்குகிறவனுக்கு இதில் ஒரு சொல்கூட உதவாது. 22 அடி என்பது படகின் நீளம். பாய் ஏறுவதோ பாய்மரத்துக்கும், அதன் மேலிருந்து படகின் மூக்குக்கு இறங்கும் முன்கம்பிக்கும் நடுவே இருக்கிற முக்கோணத்தில். ஒரே நீளமுள்ள இரண்டு படகுகளில் அந்த முக்கோணம் ஏணி வைத்தாலும் எட்டாத அளவுக்கு வேறுபடும். 150 சதவீதம் என்றால் எதில் 150 என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேரிடமிருந்து பதில் வராது.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்னப் படகு வைத்திருக்கிறோம். கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் பக்கத்துக் கடலில், மிதவையில் கட்டிக் கிடக்கிறது. மழைக்காலம் வருவதற்குள் கரையேற்றிவிடுவோம். அக்டோபருக்கு மேல்தான் மறுபடி தண்ணீர். படகோடு வந்த முன்பாய் ஒரு சின்ன ஜிப். மும்பைத் துறைமுகத்தில் குளிர்கால மதியங்களில் வடமேற்கிலிருந்து பத்து, பதினைந்து நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) காற்று எழும்போது அது போதும். சிக்கல் காலையில்தான். நவம்பர், டிசம்பர் காலைகளில் கரைக்காற்று மூச்சு விடுகிற அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் கடலின் ஏற்றவற்றமான ஓதம் காற்றைக் கேட்டுக்கொண்டு இறங்குவதில்லை. வற்று ஓதம் வேகம் பிடித்துவிட்டால், சின்ன ஜிப்பை வைத்துக்கொண்டு நாம் முன்னே போவதாக நினைப்போம், கேட்வே நம்மை விட்டு நகர்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் பெரிய முன்பாய், அதாவது ஜெனோவா, தேவைப்பட்டது. புதிதாகத் தைக்கக் கொடுக்கிற விலை எங்கள் மூவரின் பையிலும் இல்லை.

பாயை அளப்பதற்கு முன்னால் படகை அளக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வேலை கெட்டது. மனசுக்குப் பிடித்த பாயைப் பார்த்துவிட்டால், டேப் நாம் சொல்கிற எண்ணைக் காட்ட ஆரம்பித்துவிடும்.

படகில் எடுக்க வேண்டிய அளவுகள் இரண்டுக்கு உலகம் முழுக்க ஒரே பெயர். தளத்திலிருந்து முன்பாய்க் கயிறு பாய்மரத்தில் தொங்கும் இடம் வரையிலான உயரம் "ஐ". பாய்மரத்தின் முன்முகத்திலிருந்து முன்கம்பி தளத்தைத் தொடும் இடம் வரையிலான தூரம் "ஜே". ஜே-யை முழங்கால் போட்டு உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஐ-க்கு யாரும் மேலே ஏற வேண்டாம். முன்பாயை ஏற்றும் கயிற்றின், அதாவது ஹாலியார்டின், நுனியில் இருக்கும் மாட்டு வளையத்தில் (ஷாக்கிள்) டேப்பின் நுனியைக் கட்டி, அது போகிற வரைக்கும் மேலே இழுத்துவிட்டு, கீழே தளத்தில் எண்ணைப் படித்தால் போதும். அதே டேப்பை அப்படியே முன்னுக்குக் கொண்டுபோய், பாயின் முன்மூலையை மாட்டும் வளையத்தில் வைத்தும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். ஒரு பாயின் முன்விளிம்பு உங்கள் படகில் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதை இந்த மூன்றாவது எண் நேரடியாகச் சொல்லிவிடும். எந்தக் கணக்கும் வேண்டாம். மாண்ட்வா ஃபெரிகள் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே போய்விடுவது உத்தமம். ஒரு ஃபெரி அலை கடந்தால் டேப் பாய்மரத்தைச் சுற்றி நாட்டியம் ஆடும்.

எங்கள் படகில் ஐ 7.90 மீட்டர், ஜே 2.70 மீட்டர். பிதாகரஸைக் கூப்பிட்டால் முன்கம்பி 8.35 மீட்டர். பாய் அதில் முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது. கீழே ஷாக்கிள் கொஞ்சம் இடம் கேட்கும். மேலே ஹாலியார்டின் கண்ணியும் ஷாக்கிளும் கப்பியில் போய் முட்டாமல் இருக்க இன்னும் கொஞ்சம். துணி இழுபட இழுபட நீளும், அதற்கும் இடம் விட வேண்டும். எல்லாம் போக எங்கள் படகில் எட்டு மீட்டருக்கு மேல் முன்விளிம்பு வைக்க முடியாது. 8.20 மீட்டர் பாய் ஒன்று "கம்பியைவிடச் சின்னதுதானே" என்று சொல்லிக்கொண்டு வந்தது. ஏறும், ஆனால் இறுகாது. முன்விளிம்பு தொய்ந்த பாயோடு காற்றை எதிர்த்து ஒழுங்காகப் போக முடியாது.

அடுத்து வந்தது ஒரு ஜே/24-இன் கழித்துவிட்ட பந்தயப் பாய். 1970-களின் கடைசியில் வந்து, ஐந்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட 24 அடி படகு அது. அதன் ஐ 8 மீட்டர், ஜே 2.90. எங்களுடையதுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று கூட்டாளிகள் இருவரும் குதித்தார்கள். அந்தப் படகின் ஜெனோவா 150 சதவீதம். அதாவது க்ளூ என்கிற பின்மூலையிலிருந்து முன்விளிம்புக்குச் செங்குத்தாக எடுக்கும் தூரம் ஜே-யைப் போல ஒன்றரை மடங்கு, 4.35 மீட்டர். அந்த 4.35-ஐ எங்கள் 2.70-ஆல் வகுத்தால் 161 வருகிறது. பாய் அதேதான், சதவீதம் மாறிவிட்டது. சதவீதம் பாயின் குணம் இல்லை, பாயும் படகும் சேர்ந்தால் மட்டும் பிறக்கிற எண். விற்பவரிடம் சதவீதம் கேட்காதீர்கள், மீட்டர் கேளுங்கள்.

கடைசியில் எங்களுக்கு வாய்த்த பாய், கடலைவிட்டு ஓய்வெடுத்துக்கொண்ட ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து வந்தது. அதற்கும் 150 என்றுதான் சொன்னார்கள். விரித்து அளக்காமல் பணம் கொடுப்பதில்லை என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் எட்டு மீட்டர் தரை மும்பையில் யாரிடம் இருக்கிறது? என் செம்பூர் வீட்டின் மிக நீளமான கோடு, வாசல் கதவிலிருந்து பால்கனி கம்பி வரை, ஐந்தரை மீட்டர்கூட வராது. மொட்டைமாடிதான் கதி. ஹார்பர் லைனில், லக்கேஜ் டப்பாவில், மீன்கூடைகளுக்கு நடுவே பாயைக் கொண்டுவந்து சேர்த்தேன். சொசைட்டி செக்ரட்டரி படியிலேயே மறித்து, கணபதி மண்டபத்துக்குத் தார்பாலின் வாங்கியிருக்கிறேனா என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் சந்தா கேட்டிருக்க மாட்டார். உண்மையைச் சொல்லி, தண்ணீர்த் தொட்டியைத் தொடமாட்டேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டுத்தான் சாவி வாங்கினேன்.

மாடியைப் பெருக்கிவிட்டு, முன்விளிம்பை ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும் பிடித்து, தண்ணீர்க் குடம் தூக்குகிற அளவு விசையோடு இழுத்து அளக்க வேண்டும். சும்மா போட்டு அளந்தால் பத்து சென்டிமீட்டர்வரை பொய் சொல்லும். முன்விளிம்புக்குள் தைத்திருக்கும் கயிறு வருஷக்கணக்கில் சுருங்கியிருக்கும், துணி அந்த அளவுக்குச் சுருங்கியிருக்காது. விளிம்பை ஒட்டிச் சின்னச் சின்னச் சுருக்கங்கள் வரிசையாக நின்றால் அதுதான் காரணம். பின்விளிம்பு உள்வாங்கி வெட்டப்பட்டிருக்கும். அந்த வளைவைத் தொடராமல் மூலைக்கு மூலை நேர்க்கோட்டில் எடுக்க வேண்டும். அடிவிளிம்பும் அப்படித்தான்.

முன்விளிம்பு 7.75, பின்விளிம்பு 7.10, அடிவிளிம்பு 3.95. செங்குத்துத் தூரத்துக்கு, டேப்பின் நுனியை க்ளூ வளையத்தில் வைத்து, மறுமுனையை முன்விளிம்பின் மேல் அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்தால் எங்கே எண் மிகக் குறைவாக வருகிறதோ அதுதான் விடை. 3.60 வந்தது. மூன்று பக்கம் தெரிந்தால் பரப்பு காணும் ஹெரான் சூத்திரம் ஒன்பதாம் வகுப்பில் படித்தது, அதிலும் போட்டுப் பார்த்தேன். பரப்பு 13.9 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 150 சதுர அடி. இரண்டால் பெருக்கி முன்விளிம்பால் வகுத்தால் அதே 3.60. ஜே-யால் வகுத்தால் 133 சதவீதம்.

அப்படியானால் அந்த 150 எங்கிருந்து வந்தது? அடிவிளிம்பை ஜே-யால் வகுத்திருக்கிறார்கள். 3.95-ஐ 2.70-ஆல் வகுத்தால் 146. அதை 150 ஆக்கிவிட்டார்கள். பழைய பாய் உலகத்தில் இதைவிடப் பரவலான குழப்பம் எனக்குத் தெரிந்து இல்லை. எங்களுக்கு இது நல்லதாகத்தான் போயிற்று. எங்கள் துறைமுகக் காற்றுக்கு 150 அதிகம். மதியக் காற்றில் முழு 150-ஐயும் தாங்கிக்கொண்டு உட்கார மூன்று பேரின் எடை போதாது. 133 என்றால் காலையில் இழுக்கும், பன்னிரண்டு நாட் வரைக்கும் விட்டுவைக்கலாம்.

துணியைப் பார்ப்பது தனிக் கலை. புது டாக்ரான் பாய்த்துணி முரட்டுத்தாள் மாதிரி சரசரக்கும். அதற்குள் ஏற்றியிருக்கும் பிசின் வெயிலில், மடிப்பில் உடைந்து போகப் போக பத்து வருஷம் துவைத்த வேட்டியாகிவிடும். கையில் ஒரு பிடி கசக்கி விட்டால் தெரிந்துவிடும். எங்களுடையது நடுவாந்திரம். சரசரப்பு போகவில்லை, மங்கியிருக்கிறது. ஆனால் துணியைவிட முதலில் சாகிறது நூல்தான். வெயில் அதைத்தான் தின்னும். பின்விளிம்பையொட்டிய தையலை ஒரு ஊசிமுனையால் நெம்பிப் பாருங்கள். நல்ல நூல் முறைக்கும், செத்த நூல் சத்தமே போடாமல் அறும். எங்கள் பாயில் மேல்பாதியில் அது அறுந்துகொண்டே வந்தது. அந்த ஒரு ஊசிக்குத்தைக் காட்டித்தான் விலையைக் குறைத்தோம். அப்புறம் மூலைகள். மூன்று மூலைகளிலும் அடுக்கடுக்காகத் தைத்த துணியில் வளையத்தைச் சுற்றி ஓட்டை நீள்வட்டமாக இழுபட்டிருந்தால், பாய் அந்த மூலையில் கொஞ்ச நாளில் வாய் பிளக்கும்.

கூட்டாளிகளில் ஒருவரின் மாமனார் அன்று மாடியில் இருந்தார். தூத்துக்குடி அண்ணாச்சி, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணியில் இருந்தவர். எங்கள் சதவீதத்தையும் ஹெரானையும் ஒரு முகச்சுளிப்போடு கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் வாய் திறந்தார். "தம்பி, பாய் ஏறும், சரி. தாமான் எங்க போவும்?"

பின்மூலையிலிருந்து பாயை இழுத்துக் கட்டும் கயிறுதான் தாமான். கிளப்பில் ஷீட் என்பார்கள். இதுவரை சொன்ன அளவெல்லாம் பாய் ஏறுமா என்று மட்டும்தான் சொல்கிறது. ஏறிய பாய் வேலை செய்யுமா என்பது அண்ணாச்சி கேட்ட கேள்வியில் இருக்கிறது. பழைய பாய் வாங்குபவர்கள் அநேகமாகக் கேட்காத கேள்வியும் இதுதான். க்ளூ எங்கே வந்து நிற்கும், அங்கிருந்து இறங்கும் கயிற்றைப் பிடிக்க உங்கள் தளத்தில் ஏதாவது இருக்கிறதா?

தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். கால் அங்குல கட்டம் போட்ட நோட்டில் பாய்மரம், முன்கம்பி, தளம் மூன்றையும் அளவுக்கு வரைந்து, அதன்மேல் பாயின் மூன்று பக்கத்தையும் காம்பஸ் வைத்து ஏற்றினேன். க்ளூ பாய்மரத்துக்கு 1.23 மீட்டர் பின்னால், முன்மூலையைவிட 38 சென்டிமீட்டர் உயரத்தில் வந்து உட்கார்ந்தது. முன்விளிம்பில் கீழிருந்து நாற்பது முதல் ஐம்பது சதவீத உயரத்துக்குள் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து க்ளூ வழியாக நேர்க்கோடு இழுத்துத் தளம் வரை நீட்டினால் கயிற்றுக்கான இடம் கிடைக்கும். பாய்மரத்துக்குப் பின்னால் 1.54-இலிருந்து 1.67 மீட்டருக்குள். எங்கள் படகில் பழைய ஜிப்பின் கயிற்றுக் கப்பி நகரும் தண்டவாளம் கேபின் கூரைமேல், பாய்மரத்துக்குப் பக்கத்தில் ஆரம்பித்து முக்கால் மீட்டர்கூடப் போகாமல் முடிகிறது. அதாவது, புதிதாக வாங்கும் பாய்க்கு எங்கள் படகில் கயிறு கட்ட இடமே இல்லை. பாயின் விலையோடு இதையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

"முன்மூலைய ஒரு சாண் தூக்கிக் கட்டுனா?" என்று மருமகன் கேட்டார். தூக்கலாம், க்ளூவும் கூடவே தூக்கும். கயிற்றின் இடம் இன்னும் பின்னால் போகும். அண்ணாச்சி சிரித்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

வாங்கினோம். தைக்கிற வேலை தாராவியில். தோல் பை தைக்கிற ஒரு திருநெல்வேலிக்காரரின் பட்டறை. கனமான துணியைத் தள்ளிக்கொடுக்கும் மெஷின் அவரிடம் இருந்தது. "இதென்ன துணி அண்ணாச்சி, மெழுகு தடவுன மாதிரி வழுக்குது," என்று முதல் மடிப்பிலேயே சலித்துக்கொண்டார். நூல் நாங்களே கொண்டுபோனோம், வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூல். பருத்தி நூலோ சாதாரண நைலானோ போட்டால் அடுத்த சீசனில் மறுபடி அவர் வாசலில் நிற்க வேண்டும். அவர் நேர்த்தையல் போடவே கை வைத்தார். வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக்தான் வேண்டும் என்று சொன்னோம். பாய் இழுபடும்போது நேர்த்தையலில் ஒவ்வொரு நூலும் இறுகி அறும், ஜிக்ஜாக் கூடவே நீண்டு கொடுக்கும். பக்கத்துப் பட்டறையில் அதற்கு வேறு மெஷின் இருந்தது. மூலைகளுக்கு அவரே கேட்காமல் தோல் துண்டு வைத்து, கையூசியால் தைத்துக் கொடுத்தார். அந்தத் தையல் மற்றதைவிட அழகாக இருக்கிறது.

இன்னொரு வேலையும் அங்கேயே முடிந்தது. பரணிலிருந்து வந்த பாய், முன்பாயைக் கம்பியோடு சுற்றிச் சுருட்டும் சுருட்டு உருளை வைத்த படகுக்காகத் தைத்தது. முன்விளிம்பில் அலுமினியக் குழாய்க்குள் நுழையும் கயிற்றுநாடா இருந்தது. எங்களுடையது வெறும் கம்பி. அதனால் இரண்டு, இரண்டரை அடிக்கு ஒரு பித்தளைக் கண் அடித்து, கம்பியில் கொக்கிபோல் மாட்டும் ஹாங்க்குகளைப் பொருத்தினோம். கண் அடிக்கும் அச்சு பை தைப்பவர்களிடம் எப்போதும் இருக்கும். இரும்பில் மெருகு பூசிய கண்ணை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், உப்பில் ஒரு மாதத்தில் துணி பழுப்பேறும். ஹாங்க்கின் வாய் உங்கள் கம்பியின் தடிமனுக்குச் சரியாக இருக்க வேண்டும். இறுகினால் ஏறாது, தளர்ந்தால் பாய் படபடக்கும்போது கழன்றுகொள்ளும்.

சுருட்டு உருளை இருக்கிற படகுக்காரர்களுக்குக் கணக்கு வேறு. உருளை கீழே ஒரு சாண், இரண்டு சாண் தின்னும், மேலே சுழலி தின்னும். முன்விளிம்பு குட்டையாக இருந்தால் பாயின் தலைக்கு மேலே ஒரு கயிற்றுத் துண்டு சேர்த்தாவது சுழலியைக் கம்பியின் உச்சிக்குக் கொண்டுபோய்விடுங்கள். இல்லையென்றால் ஹாலியார்டு கம்பியைச் சுற்றிக்கொள்ளும்.

கயிறு பிடிக்கிற இடத்துக்கு வந்தோம். முழுத் தண்டவாளம் வைப்பதற்குப் பதிலாக, இரண்டு பக்கமும் ஓரத் தளத்தில் கண்வளையம் பொருத்தி, அதில் கப்பி மாட்டுவதாக முடிவு. வளையத்துக்கும் கப்பிக்கும் தாருகானாவில் அலைந்தேன். உடைத்த கப்பல்களிலிருந்து வரும் ஷாக்கிள்கள் அங்கே மலைமலையாகக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் என் தலை அளவு. எங்கள் படகுக்கு ஏற்ற சின்னது ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. வளையத்தை மேலிருந்து ஸ்குரூ போட்டு நிறுத்தக் கூடாது. தளத்தைத் துளைத்து, கீழே உள்ளங்கை அகலத் தகடு வைத்து, போல்ட் நட்டு போட்டு, துளையைச் சுற்றி சீலன்ட் வைத்து இறுக்க வேண்டும். பதினான்கு சதுர மீட்டர் பாய் ஒரு திடீர்க் காற்றில் இழுக்கும் இழுப்பு ஸ்குரூவைப் பல்லோடு பிடுங்கிவிடும். துளை போடுவதற்கு முன் ஒருநாள் கப்பியைத் தற்காலிகமாகக் கயிற்றால் கட்டி ஓட்டிப் பார்த்தோம். நோட்டில் வந்த இடத்துக்கு ஒரு சாண் முன்னால்தான் பாய் நன்றாக நின்றது.

அதைக் கண்டுபிடிக்கும் வழி இதுதான். முன்விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே, மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், இரண்டு பக்கமும் கம்பளி நூல் ஒட்டியிருக்க வேண்டும். படகை மெல்லக் காற்றை நோக்கித் திருப்பும்போது காற்றுப் பக்கத்து நூல்களில் மேலேயுள்ளது முதலில் துள்ளினால் கப்பி அதிகம் பின்னால் இருக்கிறது, முன்னுக்குத் தள்ளுங்கள். கீழேயுள்ளது முதலில் துள்ளினால் பின்னுக்கு. மூன்றும் ஒன்றாகத் துள்ளினால் அங்கேதான் துளை. எங்களுக்கு மேல்நூல் துள்ளியது. பழைய துணி என்பதால் பாயின் வயிறு பின்னால் நகர்ந்து, மேல்பகுதி முறுகித் திறந்துகொண்டிருந்தது என்று நினைக்கிறேன். நோட்டுக்கு அந்தச் சங்கதி தெரியாது.

முதல் நாளே இன்னொன்றும் தெரிந்தது. இழுத்துக் கட்டும்போது பின்விளிம்பு பாய்மரத்தின் பக்கவாட்டுக் குச்சியில், ஸ்பிரெடரின் நுனியில், உரசுகிறது. உரசும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, இரண்டு பக்கமும் ஒட்டுத்துணி போட்டாயிற்று. ஸ்பிரெடர் நுனிக்கும் தோல் உறை. ஷீட்டை க்ளூவில் ஷாக்கிள் வைத்து மாட்டவில்லை, போலைன் முடிச்சுதான். பாய் படபடக்கும்போது இரும்பு யார் மண்டையில் படும் என்று சொல்ல முடியாது.

அண்ணாச்சியை ஒரு காலையில் கூட்டிப்போனோம். மிதவைக்கு அழைத்துப்போன படகோட்டி தாண்டேலோடு மராத்தியில் மீன் விலை பேசிக்கொண்டே வந்தவர், ஜெனோவா ஏறியதும் கழுத்தைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். காற்று எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டேன். "இது வாடையும் இல்ல, கச்சானும் இல்ல. ஒங்க பம்பாய்க் காத்து," என்றார். வற்று ஓதத்துக்கு எதிராகப் படகு மெல்லக் கேட்வே பக்கம் நகர்ந்தது. வேகம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை, சொல்லிக்கொள்ளும்படியும் இல்லை.

மதியக் காற்று எழுந்தால் இன்னும் பழைய ஜிப்தான் ஏற்றுகிறோம். அதற்கும் வயசாகிவிட்டது. அதன் தண்டவாளம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதனால் க்ளூ எங்கே வர வேண்டும் என்பது இந்த முறை முதலிலேயே தெரியும். முன்விளிம்பு எட்டு மீட்டருக்குள், செங்குத்துத் தூரம் 2.40-ஐ ஒட்டி, ஹாங்க் வைத்த பாய். யாராவது பரணில் அப்படி ஒன்று வைத்திருந்தால் மூன்று விளிம்பு, செங்குத்துத் தூரம் என்று நான்கு எண்ணையும் மீட்டரில் அனுப்புங்கள். போட்டோ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.